பலூன் வெடித்தால் போதுமா? சி.டி.யை அளந்து பாருங்கள்!

பங்குனித் திருவிழா பார்த்துவிட்டு வந்த அக்கா பையன் கையில் ஒரு பச்சை லேசர் டார்ச் இருந்தது. ஏழாம் வகுப்பு படிக்கிறான். விலை 150 ரூபாயாம். அதன் உடம்பில் ஒரு மஞ்சள் லேபிள். '5 மில்லிவாட்டுக்கும் குறைவு' என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

"மாமா, இதுல பலூன் வெடிக்கும் மாமா. வீடியோல பாத்தேன்" என்றான்.

"அதெல்லாம் வெடிக்காதுடா, போய் விளையாடு" என்று சொல்லிவிட்டு நான் ஆபீஸ் வேலையைத் தொடர்ந்தேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கூடத்தில் 'டப்' என்று சத்தம். கருப்பு பலூன் வெடித்துவிட்டது. அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என எல்லோரும் கை தட்டுகிறார்கள். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது.

ஏன் தெரியுமா? 5 மில்லிவாட் லேசருக்குப் பலூனைத் துளைக்கும் அளவுக்குச் சூடு கிடையாது. பலூன் வெடித்தது என்றால் லேபிள் பொய் சொல்கிறது என்று அர்த்தம். அந்தப் பலூனுக்குப் பின்னால் இருந்தது கண்ணாடி பதித்த பீரோ. பலூனைச் சுற்றி உட்கார்ந்திருந்தவை நான்கு பிள்ளைகள், எட்டுக் கண்கள்.

டார்ச்சைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பையன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளில் நான் யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

லேசரைப் பற்றி வீட்டில் இரண்டு விதமான அபிப்பிராயங்கள்தான் இருக்கின்றன. ஒன்று, 'ஆபத்து, தொடாதே'. இன்னொன்று, 'சின்ன டார்ச்தானே, விளையாடட்டும்'. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. லேசர் பரிசோதனை என்று தேடினால் வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை எதையாவது எரிப்பவை: தீக்குச்சி, பலூன், குப்பைப் பை. நானும் இதைச் செய்தவன்தான். கல்லூரி விடுதியில் பழைய டி.வி.டி. ரைட்டர் ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த சிவப்பு டயோடைப் பிடுங்கி, தீக்குச்சி பற்றவைத்தோம். அது 100 மில்லிவாட்டுக்கும் மேல் வரக்கூடிய சமாச்சாரம். கண்ணுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. தப்பித்தது எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல, அதிர்ஷ்டத்தால். சரி, தீக்குச்சி பற்றியது. அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. அடுத்த குச்சி, அதற்கடுத்த குச்சி. அரை மணி நேரத்தில் அலுத்துவிட்டது. எரிப்பதில் கேள்வி எதுவும் இல்லை. எனவே பதிலும் இல்லை.

ஆனால் அதே மேசையில் கிடக்கும் ஒரு பழைய சி.டி.யும், 5 மில்லிவாட்டைத் தாண்டாத ஒரு சிவப்பு லேசரும் ஒரு வாரத்துக்கு உங்களை உட்கார விடாது. லேசரின் உண்மையான வேடிக்கை அதன் சூட்டில் இல்லை. அதன் ஒழுங்கில் இருக்கிறது. ஒரே நிறம், ஒரே அலைநீளம், சிதறாத கற்றை. அதாவது, அது ஓர் அளவுகோல். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவுகோல் 50 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் அதை வைத்து பலூன் வெடிப்பது, தங்கத் தராசில் செங்கல்லைத் தூக்கிப் போடுவது மாதிரி இல்லையா?

எந்த லேசர் வாங்கலாம்?

சிவப்பு மட்டும். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. காரணம் சொல்கிறேன்.

சிவப்பு லேசரில் டயோடே நேரடியாக 650 நானோமீட்டர் அளவில் சிவப்பு ஒளியை உமிழ்கிறது. கண்ணில் தெரிவதுதான் வெளிவருவது. வழக்கமான பச்சை லேசர் அப்படி அல்ல. உள்ளே இருப்பது 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு. அது ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் ஒளியை உண்டாக்கும். அது இன்னொரு படிகத்தில் பாதி அலைநீளமாகி 532 நானோமீட்டர் பச்சையாக வரும். மிச்சமாகும் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு சின்ன வடிகட்டி வேண்டும். மலிவான டார்ச்சில் முதலில் காணாமல் போவது அந்த வடிகட்டிதான்!

இது என் கற்பனை இல்லை. அமெரிக்க அரசின் தர ஆய்வு நிறுவனமான நிஸ்ட், 2010-இல் 15 டாலருக்கு வாங்கிய ஒரு பச்சை லேசரைச் சோதித்தது. 10 மில்லிவாட் என்று எழுதியிருந்த அதிலிருந்து மங்கலான பச்சையோடு சுமார் 20 மில்லிவாட் அகச்சிவப்பும் வந்துகொண்டிருந்தது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, எனவே இமையும் மூடாது. பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் கால் விநாடிக்குள் நாம் கண்ணை மூடிக்கொள்வோம் அல்லவா? இயற்கை கொடுத்த அந்தப் பாதுகாப்பு இங்கே வேலை செய்யாது. அதே நிறுவனம் 2013-இல் 122 லேசர் பாயிண்டர்களைச் சோதித்து முடிவை வெளியிட்டது. பச்சையில் ஏறத்தாழ 90 சதவீதமும், சிவப்பில் சுமார் 44 சதவீதமும் பாதுகாப்பு விதிகளை மீறியவை. சிவப்பிலும் 44 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் சிவப்பு வாங்கினாலும் விதிமுறைகள் தேவைப்படுகின்றன.

சாவிக்கொத்து லேசரைவிட நான் சிபாரிசு செய்வது, எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் 5 வோல்ட், 5 மில்லிவாட், 650 நானோமீட்டர் பித்தளை லேசர் மாட்யூல். பழைய யு.எஸ்.பி. ஒயரில் இணைத்து, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தால் போதும். இதை மேசையில் நிலையாகப் பொருத்திவைக்கலாம், கையில் பிடித்து ஆட்ட வேண்டியதில்லை. முக்கால்வாசி ஆபத்து அந்தக் கை ஆட்டத்தில்தான் வருகிறது. சாவிக்கொத்து லேசரில் இருக்கும் பொத்தான் பேட்டரிகள் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தனி ஆபத்து. விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எங்கள் வீட்டு விதிகள் சுருக்கமானவை. கற்றை எப்போதும் மேசை மட்டத்தில் போக வேண்டும், அதன் பாதையில் யாருடைய கண்ணும் வரக் கூடாது. தரையில் உட்கார்ந்து பார்க்கும் குழந்தைக்கு மேசை மட்டம்தான் கண் மட்டம் என்பதை மறக்காதீர்கள். பீரோ கண்ணாடிக்குத் துணி போட வேண்டும். கற்றை போய் முடியும் இடத்தில் ஒரு கருப்பு அட்டை. மொட்டை மாடிக்கு லேசர் போகக் கூடாது. 2025-இல் சென்னையில் தரையிறங்க வந்த விமானத்தின் மீது யாரோ லேசர் அடித்த செய்தி நினைவிருக்கும். திருச்சி விமான நிலையம் எங்கள் புதுக்கோட்டை சாலையில்தான் இருக்கிறது.

சி.டி.யில் எத்தனை கிலோமீட்டர்?

இப்போது விஷயத்துக்கு வருவோம். சி.டி. டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் இன்று பலர் வீட்டில் இல்லை. ஆனால் சி.டி.க்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் பழைய பாட்டு சி.டி.க்களும், அக்காவின் கல்யாண டி.வி.டி.யும் இருந்தன. "அதைத் தொட்டே, தொலைச்சுப்புடுவேன்" என்று அக்கா மிரட்டினாள். 5 மில்லிவாட் லேசரால் தட்டுக்கு எந்தச் சேதமும் வராது என்று சத்தியம் செய்து வாங்கினேன்.

ஓர் அட்டையின் நடுவில் சின்னத் துளை போடுங்கள். துளை வழியாக லேசர் போய் 30 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் சி.டி.யின் பளபளப்பான பக்கத்தில் நேராகப் பட வேண்டும். அட்டையைப் பாருங்கள். நடுப்புள்ளி துளைக்கே திரும்பி வரும். அதன் இரு புறமும் ஒவ்வொரு புள்ளி தெரியும். இன்னும் தள்ளி மங்கலாக இன்னொரு ஜோடியும் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். துளையிலிருந்து முதல் புள்ளி வரை ஸ்கேலால் அளக்கவும். எங்களுக்குக் கிடைத்தது 13.5 சென்டிமீட்டர்.

சி.டி.யில் தகவல் எழுதப்பட்டிருக்கும் தடங்கள் மிக நெருக்கமான கோடுகள். அவற்றில் பட்ட ஒளி, அலைநீளத்தையும் கோடுகளின் இடைவெளியையும் பொறுத்து குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் பலமாகத் திரும்பும். பள்ளிக்கூடத்தில் 'விளிம்பு விளைவு' என்று படித்தது இதுதான். கணக்கு எளிது. சி.டி.யிலிருந்து புள்ளிக்கு உள்ள சாய்வுத் தூரத்தை, பிதாகரஸ் முறையில் கண்டுபிடியுங்கள். 30-க்கும் 13.5-க்கும் அது 32.9 சென்டிமீட்டர். அதை 650-ஆல் பெருக்கி 13.5-ஆல் வகுத்தால் சுமார் 1584 நானோமீட்டர், அதாவது 1.58 மைக்ரான். சி.டி.யின் தட இடைவெளி 1.6 மைக்ரான் என்பது தரம். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துக்கொண்டு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு சமாச்சாரத்தை நூற்றுக்கு 99 பங்கு சரியாக அளந்துவிட்டோம்! மூன்று நாள் பேசாமல் இருந்த பையன் பேசிய முதல் வார்த்தை, "இன்னொரு தடவை அளக்கலாமா மாமா?"

அடுத்து கல்யாண டி.வி.டி. 30 சென்டிமீட்டரில் வைத்தால் புள்ளி அட்டைக்கு வெளியே எங்கோ ஓடிவிடுகிறது. 10 சென்டிமீட்டருக்குக் கிட்டே கொண்டுவந்த பிறகுதான் 18 சென்டிமீட்டரில் சிக்கியது. கணக்குப் போட்டால் 0.74 மைக்ரான். அதுவும் தரத்தோடு ஒத்துப்போகிறது. சி.டி.யில் 700 எம்.பி., டி.வி.டி.யில் 4.7 ஜி.பி. ஏன் என்ற கேள்விக்குப் பாதி பதில் அட்டையில் புள்ளியாகத் தெரிகிறது. தடங்கள் பாதிக்கும் மேல் நெருங்கிவிட்டன. மீதிப் பதில், தடத்தில் உள்ள குழிகளும் சிறிதாகிவிட்டன என்பது. சி.டி.யைப் படிக்க 780 நானோமீட்டர், டி.வி.டி.க்கு 650, ப்ளூரேக்கு 405 என்று லேசரின் அலைநீளம் குறைந்துகொண்டே போனதன் ரகசியமும் இதுதான். மெல்லிய எழுத்துக்கு மெல்லிய முனை பேனா வேண்டும் அல்லவா?

ப்ளூரே தட்டின் தட இடைவெளி 0.32 மைக்ரான். அது நம் லேசரின் அலைநீளமான 0.65 மைக்ரானில் பாதிகூட இல்லை. கணக்கின்படி, நேராக அடித்தால் பக்கப் புள்ளி வரவே வராது. வெறும் நடுப்புள்ளி மட்டும் கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பும். 'ஒன்றும் தெரியவில்லை' என்பதே விடையாக இருக்கும் பரிசோதனை எவ்வளவு அழகு! எங்கள் வீட்டில் ப்ளூரே இல்லை. உங்கள் வீட்டில் பிளேஸ்டேஷன் 3 அல்லது 4 கேம் தட்டு இருந்தால் அதுவும் ப்ளூரேதான், செய்து பாருங்கள்.

இடைவெளி தெரிந்தால் தடத்தின் நீளமும் தெரிந்துவிடும். சி.டி.யில் தகவல் உள்ள பகுதி, மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர் முதல் 58 மில்லிமீட்டர் வரை. அந்த வளையத்தின் பரப்பை 0.0016 மில்லிமீட்டரால் வகுத்துப் பாருங்கள். சுமார் 5.4 கிலோமீட்டர் வரும். ஒரே ஒரு சுருள் கோடு! எங்கள் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு இரண்டு முறை போய்த் திரும்பும் தூரம் ஒரு பாட்டு சி.டி.க்குள் சுற்றிக்கிடக்கிறது.

ஒரு முடியின் தடிமன்

தலைமுடி ஒன்றை லேசர் மூக்குக்கு நேராகச் செங்குத்தாக ஒட்டி, மூன்று மீட்டர் தள்ளி உள்ள சுவரில் கற்றையை விழச் செய்யுங்கள். புள்ளி கிடையாகப் பரவி, நடுநடுவே இருட்டு இடைவெளிகளோடு ஒரு கோடாகத் தெரியும். இருட்டுக்கும் அடுத்த இருட்டுக்கும் உள்ள தூரம்தான் நமக்கு வேண்டியது. நடுவில் இருக்கும் வெளிச்சப் பட்டை மட்டும் இரு மடங்கு அகலம், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான்கைந்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து வகுத்துக்கொண்டால் தவறு குறையும். 650 நானோமீட்டரை 3 மீட்டரால் பெருக்கி, இந்த இடைவெளியால் வகுத்தால் முடியின் தடிமன்.

என் முடியில் இடைவெளி 26 மில்லிமீட்டர், தடிமன் 75 மைக்ரான். பையனுக்கு 33 மில்லிமீட்டர், 59 மைக்ரான். அவன் எடுத்த எடுப்பில், "பெரிய எண் எனக்குத்தான், அப்போ என் முடிதான் தடி" என்றான். இல்லை, முடி மெலிய மெலியத்தான் பட்டைகள் விலகும். இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மாலை பிடித்தது. அந்த மாலை வீண் போகவில்லை. அதன் பிறகு அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுப் பாட்டி என எல்லோர் தலையிலிருந்தும் முடி வாங்கி எக்ஸெல்லில் பட்டியல் போட்டுவிட்டான். தெருவில் எங்கள் குடும்பத்துக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

கவிநாடு கண்மாய் சுவரில்

ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, நுனியில் ஒரு சொட்டு தொங்கும்படி நிறுத்துங்கள். லேசர் அந்தச் சொட்டின் நடுவே கிடையாகப் போகட்டும். இரண்டு மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவர். அறையை இருட்டாக்குங்கள். சொட்டே லென்ஸ் ஆகிவிடும். ஒன்றரை மில்லிமீட்டர் ஆரமுள்ள சொட்டுக்குக் குவியத் தூரம் சுமார் 3 மில்லிமீட்டர் என்பதால் சுவரில் 600, 700 மடங்கு பெரிதாகத் தெரியும்.

ஃபில்டர் தண்ணீரில் சில வட்டங்கள் மட்டும் தெரிந்தன. கவிநாடு கண்மாயிலிருந்து ஒரு பாட்டிலில் எடுத்துவந்த தண்ணீரை வைத்தோம். சுவர் முழுக்க நடமாட்டம்! ஒன்று சுழல்கிறது, ஒன்று நின்று நின்று ஓடுகிறது. அம்மா சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். ஓர் எச்சரிக்கை: அசையாத வளைய வளையமான வட்டங்கள் எல்லாம் உயிர்கள் அல்ல. அவை தூசியைச் சுற்றி ஒளி போடும் கோலம். தானாகத் திசை மாறுவதை மட்டும் உயிர் என்று எண்ணுங்கள். இன்னொன்று, சுவரில் ஒன்றும் தெரியாவிட்டால் தண்ணீர் சுத்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நோய் தரும் பாக்டீரியாக்கள் இதில் தெரியாத அளவுக்குச் சிறியவை. பார்த்து முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

பிளாஸ்டிக் பாட்டிலில் துளை போட்டு, வழியும் தண்ணீருக்குள் பின்புறமிருந்து லேசரை அனுப்பும் பரிசோதனையைப் பலர் பார்த்திருப்பீர்கள். வளைந்து விழும் தண்ணீரோடு ஒளியும் வளைந்து வந்து கையில் சிவப்பாக விழும். 1841-இல் ஜெனிவாவில் டேனியல் கொலாடன் காட்டிய வேடிக்கை இது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1954-இல் கண்ணாடி இழைக் கற்றை வழியே பிம்பத்தையே அனுப்பிக் காட்டினார். இன்று வீட்டுக்கு வரும் ஃபைபர் இன்டர்நெட் இதே முழு அக எதிரொளிப்பில்தான் ஓடுகிறது. அந்த இழைக்குள் வருவது பெரும்பாலும் 1490 நானோமீட்டர், திரும்பிப் போவது 1310. இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. 'வெளிச்சமே வரலையே' என்று ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மைக் ஜாக்கில் ஒரு சோலார் செல்

கம்ப்யூட்டர் உள்ள வீட்டுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். தோட்ட விளக்கிலோ பழைய கால்குலேட்டரிலோ உள்ள சின்ன சோலார் செல்லின் இரண்டு ஒயர்களை ஒரு 3.5 மில்லிமீட்டர் பிளக்கில் பற்றவைத்து, டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் மைக் ஜாக்கில் செருகுங்கள். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் ரெக்கார்டு பட்டனை அழுத்துங்கள். இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு வெளிச்சம் கேட்கும்!

முதலில் லேசரே வேண்டாம். பழைய சோக் வைத்த டியூப்லைட்டைக் காட்டினால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் பதிவாகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை மினுக்குவதால் 100 ஹெர்ட்ஸ். நல்ல எல்.இ.டி. பல்பு ஏறக்குறைய மௌனமாக இருக்கும், மட்டமானது ரீங்கரிக்கும். டி.வி. ரிமோட்டை அழுத்தினால் கரகரவென்று கேட்கும். வீட்டில் உள்ள பல்புகளை எல்லாம் இப்படி 'காதால்' சோதித்து, எது மினுக்குகிறது என்று பட்டியல் போட்டோம்.

அடுத்து லேசர். பால் பவுடர் டப்பாவின் இரு பக்கமும் திறந்து, ஒரு பக்கத்தில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டுங்கள். அதன்மேல் நகத்தளவு கண்ணாடித் துண்டு ஒட்டுங்கள். லேசர் அதில் பட்டுத் திரும்பி, நான்கு மீட்டர் தள்ளி உள்ள சோலார் செல்லின் ஓரத்தில் விழட்டும். டப்பாவின் மறுபக்கத்தில் வாயை வைத்துப் பேசுங்கள். ரப்பர் அதிர, கண்ணாடி அதிர, புள்ளி செல்லின் ஓரத்தில் உள்ளும் வெளியும் ஆட, உங்கள் குரல் ஒயர் இல்லாமல் ஒளியில் ஏறிக் கம்ப்யூட்டரில் பதிவாகும். குரல் மூக்கடைத்தாற்போல்தான் இருக்கும், ஆனால் யாருடையது என்று தெரியும். 1880-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல், டெயின்ட்டருடன் சேர்ந்து வாஷிங்டனில் இதே தத்துவத்தில் 213 மீட்டர் தூரத்துக்குப் பேச்சை அனுப்பினார். அவர் கையில் இருந்தது லேசர் அல்ல, சூரிய வெளிச்சம். கண்ணாடித் துண்டு கற்றையைத் திருப்பிவிடும் என்பதால் இந்தப் பரிசோதனையைப் பெரியவர் ஒருவர் கூட இருந்துதான் செய்ய வேண்டும்.

செல்லுக்குப் பதில் புள்ளியைச் சுவரில் விட்டால், பாடும் சுரத்துக்கு ஏற்ப வளையங்களும் எட்டுகளும் வரையும். எங்கள் மாவட்டத்துக் குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டில் சுரங்களைப் பாறையில் வெட்டிவைத்தார்கள். பையன் 'ச' பாடி, சுவரில் ஒரு கோணல் முட்டையை வரைந்தான்.

இவ்வளவுக்கும் 5 மில்லிவாட்டுக்கு மேல் எங்கும் தேவைப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பலருக்கும் 'பவர்' கூடினால் அறிவியல் கூடும் என்ற நினைப்பு இருக்கிறது. பக்கத்துத் திருச்சியில், திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி.வி. ராமன், 1928-இல் தன் விளைவைக் கண்டபோது லேசரே கிடையாது. அது 1960-இல்தான் வந்தது. சூரிய ஒளியும், பாதரச விளக்கும், வடிகட்டிகளும் வைத்துக்கொண்டு, மிக மிக மங்கலான ஒரு ஒளியைத் தேடிப் பிடித்தார். எரியும் ஒளியை அவர் தேடவில்லை.

'இவ்வளவு ஜாக்கிரதை சொல்ல வேண்டியிருந்தால் பேசாமல் தடை செய்துவிடலாமே' என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். லேசர் பொம்மையால் விழித்திரையில் நிரந்தர வடு ஏற்பட்ட பிள்ளைகளைப் பற்றி நம் நாட்டுக் கண் மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் தடை செய்தால் அது திருவிழாக் கடையில் கிடைக்கும், மொட்டை மாடியில் எரியும். மேசையில் பொருத்திவைத்த, அட்டை சுற்றிய, ஸ்கேலும் நோட்டும் பக்கத்தில் இருக்கிற லேசரை நான் பார்த்துக்கொள்ள முடியும். பள்ளிக்கூடப் பைக்குள் இருப்பதை என்னால் பார்க்க முடியாது. பெற்றோர்கள் லேபிளை நம்பாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். கருப்புப் பலூனை வெடிக்கிற, கருப்பு பிளாஸ்டிக்கில் புகை வரவைக்கிற எந்த லேசரும் லேபிளில் என்ன போட்டிருந்தாலும் வீட்டில் இருக்கக் கூடாது.

அந்தப் பச்சை டார்ச்சைக் குப்பையில் போடவில்லை. யாராவது எடுத்து விளையாடுவார்கள். பேட்டரியைக் கழற்றி, முனையில் எம்சீல் வைத்து அடைத்து, என் மேசை இழுப்பறையில் போட்டிருக்கிறேன். பையன் அதைப் பற்றி இப்போது கேட்பதில்லை. பிளேஸ்டேஷன் வைத்திருக்கும் பிள்ளை யாராவது வகுப்பில் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பக்கப் புள்ளி நிஜமாகவே வராதா என்று அவனே பார்க்க வேண்டுமாம்.